அலாரம் அடித்த கிளி

“நிலநடுக்கம்! நிலநடுக்கம்!”

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் தஞ்சம் புகுந்திருந்த இருநூறு பேரும் தலையணையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுருண்டார்கள்.

தரை ஆடவே இல்லை. அட்டைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து மறுபடியும் அதே குரல். செல்போனின் எச்சரிக்கை இல்லை அது, மிச்சியோவின் கிளி கொமே.

வீடு சரிந்த நாளிலிருந்து அது சரியாக இரை எடுக்கவில்லை. நெஞ்சு இறகைத் தானே பிய்த்துக்கொண்டது. புதிதாகக் கற்றுக்கொண்டதெல்லாம் செல்போனின் எச்சரிக்கைக் குரல்தான்.

“இதோட மூணாவது தடவை!” தெருச் சங்கத் தலைவர் தோகாஷி விசிலும் கைப்பட்டையுமாக வந்து நின்றார். “ஜீவராசிங்க எல்லாம் சைக்கிள் கொட்டகைக்குன்னு சொன்னேனா இல்லையா?”

“வெளியே பனி கொட்டுது தலைவரே. விறைச்சுச் செத்துடும்,” என்றாள் மிச்சியோ.

“அப்ப விளையாட்டுச் சாமான் அறையில கெடக்கட்டும். காலையில பத்து நிமிஷம் வந்து பாத்துட்டுப் போம்மா.”

“பயந்து போயிருக்கு. தனியா விட்டா...”

“பயமாம், பயம்! நான் பார்க்காத ஆட்டமா? ஒரு தடவை குனிஞ்சிருப்பேனா?”

கூண்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். தன் குறட்டையால் ஊர் தூக்கம் கெட வேண்டாமென்று அவர் படுப்பதும் அந்த அறையில்தான்.

“கல்நெஞ்சுக்காரர்,” என்றாள் சூப் ஊற்றிக்கொண்டிருந்த ஹருயோ.

முதல் நாலு நாளும் மிச்சியோ போய்ப் பார்த்தாள். கிளி முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது. தினைக் கிண்ணம் காலியாகவே இருந்தது. மனுஷன் எடுத்துக் கொட்டிவிடுகிறார் போல என்று வயிறெரிந்தாள்.

ஐந்தாம் நாள் தோகாஷி வாசலில் குறுக்கே நின்றார்.

“இனிமே யாரும் உள்ளே போகக் கூடாது.”

“ஏன் தலைவரே?”

“விதி.”

“எந்த விதி?”

“இப்பத்தான் போட்ட விதி.”

மிச்சியோவுக்குப் பகீர் என்றது. கிளி செத்துவிட்டது. அதை மறைக்கிறார்.

மறுநாள் காலை. வானொலியில் உடற்பயிற்சிப் பாட்டு. பெட்டி மேல் ஏறி நின்று தோகாஷி, “ஒண்ணு, ரெண்டு!” என்று அதட்ட, இருநூறு பேரும் கையைத் தூக்கினார்கள். மிச்சியோ மட்டும் வரிசையை விட்டு ஓடினாள்.

அறைக்குள் கணப்பு அடுப்பை ஒட்டினாற்போல் கூண்டு. அதன் மேல் தோகாஷியின் ஒரே கம்பளிக் கோட்டு. உள்ளே கொமே கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் புது இறகு முளைவிடத் தொடங்கியிருந்தது.

“இருக்கு! உயிரோட இருக்கு!” அழுதுகொண்டே கூண்டோடு அரங்குக்கு ஓடிவந்தாள்.

“ஐயோ, மூடும்மா அதை!” தோகாஷி பெட்டியிலிருந்து குதித்தார்.

அதற்குள் கொமே வாயைத் திறந்துவிட்டது. செல்போன் குரல் இல்லை. அச்சு அசலாகத் தோகாஷியின் கட்டைக் குரல்.

“சாப்பிடுடா கண்ணு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. வெளியே சொல்லிடாதே.”

இருநூறு பேரும் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார்கள். தோகாஷிக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

மிச்சியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டை அவர் கையிலேயே கொடுத்தாள்.

“நீங்களே வச்சுக்குங்க தலைவரே. பயந்துபோன ஜீவனைத் தனியா விடக் கூடாது.”