சகலைக்குக் கொடுத்த பிரேக் லீவர்

"உங்க மூஞ்சியில முழிக்கவே எனக்கு இஷ்டமில்லை," என்றார் சின்ன மாப்பிள்ளை. "வேன்லேர்ந்து சைக்கிளை இறக்கும்போது ரெண்டு பிரேக் லீவரும் உடைஞ்சிருச்சு. இருந்தா குடுங்க."

பெரிய மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் பந்தயம். ஜெயிப்பவருக்கு மட்டும்தான் கிளப் அணியில் இடம்.

"உங்களுக்குக் குடுக்கிறதுக்குப் பதிலா குப்பையில போடுவேன், சகலை."

"போடுங்க. பயந்துக்கிட்டுதான் குடுக்கலைன்னு உங்க மச்சினி ஊரெல்லாம் சொல்லுவா."

பெரியவர் குனிந்து அந்த சைக்கிளைப் பார்த்தார். இந்த வருஷத்து பிரேக், பளபளவென்று இருந்தது. உடனே மனசு இளகி, பெட்டியிலிருந்த தன் பழைய லீவர்களை எடுத்து நீட்டினார்.

"பழசு புதுசுக்குச் சேருமா?"

"ஒரே கம்பெனிதானே? ஏன் சேராது?"

சேராது. பழைய லீவர் கம்பியை இழுக்கிற அளவு புது பிரேக்குக்குப் பத்தாது. மலை இறக்கத்தில் சகலை பதறிப்போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசியாக வருவார் என்பது பெரியவரின் கணக்கு.

இறக்கத்தில் பெரியவர் உட்பட எல்லாரும் பிரேக் பிடித்தார்கள். சின்னவரும் பிடித்துப் பார்த்தார்.

முதல் ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டினார். அணியில் அவரைச் சேர்த்தாயிற்று என்று மைக்கில் அறிவித்தபோது, அவர் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தார்.