அரை சதவீதக் கோடுகள்

"குறுக்குக் கோட்டையெல்லாம் எடுத்துடும்மா. அஞ்சு சதவீதத்துக்கு ஒண்ணு போதும்" என்றார் மேற்பார்வையாளர் சுகெங்.

வெனிங் இன்னும் தற்காலிக ஊழியர்தான். ஜகார்த்தாவிலிருந்து இயக்குநர் ஹெர்லினா வந்துகொண்டிருக்கிறார். இந்த எக்ஸெல் சார்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்.

அது ஷூ தொழிற்சாலை. ஐந்து தையல் மேசைகளில் எதில் எவ்வளவு ரிஜெக்ட் என்று ஐந்து வண்ணக் கோடுகள் ஏறி இறங்கின. பின்னால் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக இல்லாவிட்டால் எல்லாம் கிண்ணத்தில் கொட்டிய நூடுல்ஸ்தான்.

"பாக், அப்படி வெச்சா எது மேல, எது கீழன்னே தெரியாதே." 'பாக்' என்றால் அங்கே 'ஐயா'.

"தெரியாட்டி என்னம்மா? கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்." சிரித்து மழுப்பிவிட்டு, கிராம்பு சிகரெட்டோடு வெளியே நழுவினார்.

எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஆனால் வெனிங்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. அரை சதவீதத்துக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தபோது மூன்றாம் மேசை மட்டும் மற்றவற்றைவிட உயரத்தில் தனியாக நின்றது. அதன் தலைவி துமினா, தினமும் சுகெங்கோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்குபவள்.

ஓகோ, ஊர்ப்பாசமா?

சொன்னபடி செய்தால் 'இதெல்லாம் ஒரு சார்ட்டா' என்று இயக்குநர் கேட்பார். செய்யாவிட்டால் சுகெங் சும்மா விடமாட்டார். கடைசியில் எது வந்தாலும் வரட்டும் என்று அரை சதவீதக் கோடுகளையே வைத்தாள். கண்ணை உறுத்தாத வெளிர் சாம்பலில் அவற்றை மாற்றி, மூன்று சதவீத வரம்பில் மட்டும் தடித்த சிவப்புக் கோடு ஒன்று போட்டாள்.

கூட்டத்தில் ஹெர்லினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்பதான் ஒரு சார்ட் படிக்கிற மாதிரி இருக்கு. மூணாவது மேசை நாலரை. மத்ததெல்லாம் ரெண்டுக்குக் கீழ. யாரு அந்த மேசை?"

எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். சுகெங் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மேலதிகாரி முகத்துக்கு நேரே யார் மறுத்துப் பேசுவார்கள்?

கூட்டம் முடிவதற்குள் துமினாவின் தலைவி பதவி போயிற்று. வெனிங்கின் வேலை நிரந்தரமாயிற்று.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குப் படபடப்புதான் வந்தது. வராந்தாவில் நின்றிருந்த சுகெங்கிடம் தானே போனாள்.

"மன்னிச்சுக்கங்க பாக். உங்க ஊர்க்காரங்கங்கிறதுக்காக என்னால தப்பை மூடி மறைக்க முடியல."

"எனக்கு ஊர்க்காரியும் இல்ல, உறவும் இல்லம்மா. ரிஜெக்ட் அஞ்சு மேசையிலயும் ஒரே அளவுதான் விழுது. எண்ணிக் கணக்குக் கொடுக்கிறது அந்தந்த மேசைத் தலைவிதான். நாலு பேர் குறைச்சுக் கொடுக்கிறாங்கன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போடுறவன் நான். அங்க எப்படி வாயைத் திறப்பேன்?"

வெனிங் திரும்பி, கூட்ட அறையில் இன்னும் விரிந்து கிடந்த சார்ட்டைப் பார்த்தாள்.

"உள்ளதை உள்ளபடி சொன்னது துமினா ஒருத்திதாம்மா."