நேர்மைக்கு ஒத்திகை

“பேனையைக் களவெடுத்தது நீதான் எண்டு உடனை ஒத்துக்கொள்ளாதை, மக்டலீன். ரீச்சர் திருப்பியும் ஒருக்காக் கேட்கட்டும். பிறகு அழுதுகொண்டு சொல்லு.”

பள்ளிக்கூட அதிபர் கிறிஸ்துநாயகம் இப்படிச் சொன்னபோது மக்டலீன் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் பெர்னடெட் ரீச்சர் கையிலிருந்த சோக்குத் துண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“சேர், நான் பேனையை எடுக்கேல்லையே.”

“நீ எடுக்கேல்லைத்தான். ஆனா எடுத்தனான் எண்டு சொல்லோணும். அதுதான் இண்டைக்கு நேர்மைப் பாடம்.”

யுத்தத்தைச் சாட்டிச் சவர்க்காரத்தையும் பற்றரியையும் யாழ்ப்பாணத்துக்குப் போகவிடாமல் மறித்து வைத்திருந்த கொழும்பு, விழுமியக் கல்வி என்ற புதுப் பாடத்தை மட்டும் தடையில்லாமல் அனுப்பியிருந்தது. கடற்கரையோரத்து அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் நடக்கும், வட்டாரக் கல்வி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று அறிவித்தல் வந்ததிலிருந்து அதிபருக்கு நித்திரை இல்லை.

ஆறாம் வகுப்பில் வாய்காட்டக்கூடிய பெடியள் எல்லாருக்கும் அன்று லீவு. அவர்களுடைய வாங்குகளில் எட்டாம் வகுப்புக் கெட்டிக்காரர் முழங்காலை மடக்க இடமில்லாமல் நெளிந்தார்கள். மக்டலீனும் எட்டாம் வகுப்புத்தான். பள்ளிக்கூட நாடகத்தில் உண்மையாகவே கண்ணீர் வர அழத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பெர்னடெட்டுக்கு இதெல்லாம் துப்பரவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் தொண்டர் ஆசிரியை. அதிகாரி நல்லதாக நாலு வரி எழுதினால்தான் நிரந்தர நியமனம். வீட்டில் தாயும் படிக்கிற தங்கச்சிமாரும் அந்த நாலு வரிக்காகத்தான் காத்திருந்தார்கள்.

பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடி, புகையைக் கக்கிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவரை முன்பின் கண்டதில்லை.

“வாங்கோ, தியாகலிங்கம் சேர்!”

வந்தவர் வேலியோரத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிபர் இன்னும் இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“பெரிய மனிசர். யோசனை எல்லாம் எங்கையோ,” என்று அதிபர் பெர்னடெட்டின் காதுக்குள் சொன்னார்.

பாடம் சொல்லிவைத்தபடியே நடந்தது. மேசையிலிருந்த பேனை காணாமல் போனது. ரீச்சர் கேட்டாள், வகுப்பு அமைதியாக இருந்தது. திருப்பிக் கேட்டாள், மக்டலீன் எழும்பினாள்.

“நான்தான் எடுத்தனான், ரீச்சர். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

கைதட்டலைத் தொடங்கவேண்டிய பெடியன், அவள் சொல்லி முடிக்கும் முன்னமே தட்டிவிட்டான். அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பினார்.

“அருமை! உந்தப் பிள்ளையின்ரை பேரும் தகப்பன்ரை பேரும் சொல்லுங்கோ. களவெடுத்த பிள்ளை விழுமியக் கல்வியாலை திருந்தினது எண்டு வட்டாரத்திலை இருக்கிற எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் எழுதப்போறன்.”

“மக்டலீன், சேர்! வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டி யாகப்புவின்ரை மகள்!” என்று அதிபர் பூரிப்போடு சொன்னார்.

பாடம் முடிந்தது. மக்டலீனின் அழுகை முடியவில்லை. ஒத்திகையில் இவ்வளவு அழுகை இருக்கவில்லை. பெர்னடெட் கிட்டப் போய்க் குனிந்தாள்.

“ரீச்சர், ஊரெல்லாம் என்னைக் கள்ளி எண்டு சொல்லப்போகுது. அப்பா என்னெண்டு கோயிலுக்குப் போறது?”

அதிகாரியைத் தன் அறையில் இருத்திவிட்டு, வடையும் தேத்தண்ணியும் எடுத்துவர அதிபரே குசினிப் பக்கம் ஓடினார். பெர்னடெட் அறை வாசலில் ஒரு கணம் நின்றாள். தாயின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் உள்ளே போனாள்.

“சேர், உங்களோடை ஒண்டு கதைக்கோணும்.”

“என்ன, ரீச்சர்?”

“உந்தப் பிள்ளை ஒண்டும் களவெடுக்கேல்லை. பேனையை நாங்கள்தான் அவளின்ரை பைக்குள்ளை வைச்சனாங்கள். அழச் சொல்லிக் குடுத்ததும் நாங்கள்தான். அவள் ஆறாம் வகுப்பும் இல்லை. நீங்கள் பாத்தது முழுக்க நடிப்பு, சேர்.”

அதிகாரியின் முகம் வெளிறிப்போனது. எழும்பி வாசலை எட்டிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்தினார்.

நியமனம் போய்விட்டது என்று பெர்னடெட்டுக்குத் தெரிந்தது. அதோடு பயமும் போய்விட்டது.

“என்ரை வேலை போனாலும் பறவாயில்லை, சேர். அதிபரையும் ஒண்டும் செய்யாதேங்கோ, நீங்கள் நல்லா எழுதினால் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடக் காசு வரும் எண்ட ஆசையிலை செய்துபோட்டார். அவளின்ரை பேரை மட்டும் எழுதாதேங்கோ.”

“மெல்லக் கதையுங்கோ, ரீச்சர்,” என்றார் அவர், லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. “நான் ஒருத்தற்றை பேரையும் எழுத ஏலாது.”

“ஏன், சேர்?”

“அதிகாரி நான் இல்லை, பிள்ளை. தனக்குப் பதிலா என்னை அனுப்பின என்ரை அத்தான்.”