பத்து நாள் நிறங்கள்

"தயவுசெஞ்சு இந்தப் படத்தை வாங்காதீங்க டாக்டர்."

கண்காட்சி அரங்கில் பேச்சு சட்டென்று நின்றது. சொன்னது வேறு யாருமில்லை, ஓவியரின் மனைவி. படத்தில் இருப்பதும் அவள்தான்.

நாலு கண்காட்சி வைத்தும் ஒரு படம்கூட விலைபோகாத மனுஷன். இன்றைக்குத்தான், சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் ஒருவர், வரவேற்பறைக்கு இந்தப் படம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அதைக் கட்டினவளே கெடுத்தால்?

அரங்கு நடத்தும் அம்மாள் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"என்னம்மா இது? வீட்டுக்காரர் நாலு பேர் மாதிரி முன்னுக்கு வந்தா உங்களுக்கு ஆகாதா?"

"அதில்லைங்க... இது வித்துட்டா..."

"விடுங்க மேடம்," ஓவியர் சிரித்தார். "அவளுக்குக் கூச்சம். தன் முகத்தை ஊரே பாக்குதேன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு தங்கமான மனுஷன், கோபமே வரவில்லை பாருங்கள் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

டாக்டர் காதில் இதெதுவும் விழவில்லை. இரண்டு அடி பின்னால் போனார், கண்ணைச் சுருக்கினார், மறுபடி கிட்டே வந்தார். படம் பார்க்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள் போல.

வலது கன்னம் தெரியத் திரும்பிய பெண் முகம். கன்னத்து எலும்பில் கருஞ்சிவப்பு. அதைச் சுற்றி ஊதா. தாடைக்கு இறங்கும்போது பச்சை, காதோரம் மஞ்சள்.

"இந்த ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகிற இடம் இருக்கே, அடடா! தினம் எங்கயோ பாக்கிற மாதிரியே இருக்கு. எல்லாம் கற்பனையா?"

"கற்பனையில்ல டாக்டர். பத்து நாள் அவளை எதிர்ல உக்கார வெச்சு, பாத்துப் பாத்து வரைஞ்சேன். அவ முகத்துல நாளுக்கு ஒரு நிறம்."

"கேட்டீங்களா? என் முகத்தை என்னிக்காவது பத்து நிமிஷம் பாத்திருக்கீங்களா நீங்க?" கூட்டத்தில் ஒரு பெண் தன் கணவனை இடித்தாள்.

ஓவியரின் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் கைக்குட்டையால் துடைத்தபோது முகப்பவுடர் திட்டாகக் கழன்று வந்தது. வலது கன்னத்தில், காதோரம், படத்தில் இருந்த அதே மஞ்சள்.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, இது எனக்குத்தான்," என்றார் டாக்டர். "இன்னொண்ணும் வேணும். எதிர்ச் சுவருக்கு, இதுக்கு ஜோடியா. முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கட்டும். நிறமெல்லாம் அச்சு அசலா இதேதான். முடியுமா?"

அவள் வாயைத் திறந்தாள். கேட்க ஆளில்லை.

ஓவியர் திரும்பி, மனைவியின் முகத்தை அளவெடுப்பதுபோல் பார்த்தார்.

"அதுக்கென்ன டாக்டர். பத்து நாள் போதும்."

அவள் கை தானாக எழுந்து, இன்னும் அடிபடாத இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டது.