இறங்கிய தோள்

"அவன் கண்ணப் பாக்காத தீனா. எந்தப் பக்கம் தோள் எறங்குதோ, அந்தப் பக்கந்தான் பந்த இழுப்பான்" என்று சக ஆட்டக்காரன் ஆகாஷ் காதோரம் சொல்லி அனுப்பினான்.

லக்ராஸ் இறுதி ஆட்டம் சமநிலையில் இருந்தது. கும்மிடிப்பூண்டி அணிக்காக தீனா மைதான நடுவில் குனிந்து, வலை கட்டிய மட்டையைத் தரையில் வைத்தான். எதிரே மணவாள நகர் லோகேஷ். இருவருக்கும் இடையே பந்து. விசில் ஊதியதும் முந்துகிறவனுக்கே அது சொந்தம். இதுவரை லோகேஷை அவன் முந்தியதே இல்லை.

"இன்னா லோகேசு, பேச்சையே காணோம்?" என்று தீனா சீண்டினான்.

லோகேஷ் பதில் சொல்லவில்லை. ஏதோ திட்டம் வைத்திருக்கிறான் என்று தீனா உஷாரானான்.

லோகேஷின் பிடி தளர்ந்தது. இடது தோள் மெல்ல இறங்கியது. மாட்டிக்கொண்டான் என்று தீனாவின் மனம் துள்ளியது.

விசில் ஒலித்தது. பந்தை மறுபக்கமாக வாரிக்கொண்டு ஓடினான். யாருமே மறிக்கவில்லை. பந்தை வலைக்குள் அடித்தான். நடுவர் விடாமல் விசில் ஊத, கோலுக்குத்தான் என்று நினைத்து மட்டையைத் தூக்கியபடி திரும்பினான்.

ஒருவரும் கைதட்டவில்லை. லோகேஷ் இடப்பக்கமாகச் சரிந்து கிடந்தான். அவனைச் சுற்றி இரண்டு அணியினரும் நின்றிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில், உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் லோகேஷின் அம்மா ரத்னா உட்கார்ந்தாள்.

"காய்ச்சலோட போவாதடான்னேன், கேக்கல. நீதான் அவனுக்கு நேரா இருந்தியாமே தம்பி, உனுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

"தெரிஞ்சுதும்மா" என்றான் தீனா. "பந்த இழுக்கப் போறான்னு நெனச்சிக்கினேன்."