இருநூற்றுப் பன்னிரண்டு

ஏழாவது முறையும் 212 தப்பித்துவிட்டது.

அவள் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

ஐந்து ஆண்டுகளில் ராணுவத்தில் பதினோராயிரம் பேர் குறைய வேண்டும். எந்தப் பிரிவைக் கலைத்தால் எல்லையில் ஓட்டை விழும்? வெள்ளம் வந்தால் யார் போவார்கள்? எல்லாவற்றையும் கணினிக்குள்ளேயே நடத்திப் பார்த்துச் சொல்லும் நிரல். எழுதியவள் அவள்தான்.

பிரிவுகளுக்கு அதில் பெயர் கிடையாது. எண் மட்டும். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாதென்று அவளே செய்த ஏற்பாடு.

212-க்கு இரண்டு வருடமாக வேலையே இல்லை. முதலில் போயிருக்க வேண்டியது அது.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

விதிகளைத் திறந்தாள். அவள் எழுதியவை முப்பத்தெட்டு.

நாற்பது இருந்தன.

கடைசி இரண்டும் ஒரே மாதிரி. 77-ஐத் தொடாதே. 212-ஐத் தொடாதே.

எந்த எண் எந்தப் பிரிவு என்று சொல்லும் பெயர்ப் பட்டியலை முதல் முறையாகத் திறந்தாள்.

77, பீரங்கிப் பிரிவு. அதன் தலைமையில் இருப்பவர் கர்னல் தேவசகாயத்தின் மருமகன். தேவசகாயம் அவளுடைய மேலதிகாரி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா சார்?

212, மலையில் சாலை போடும் பட்டாலியன்.

சிரிப்பு நின்றது.

சங்கரபாண்டி அங்கேதான் இருக்கிறான். அவள் தம்பி. பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம்.

விதிகளைச் சேர்த்தது யார் என்று பார்த்தாள். அவள் பெயர்தான் இருந்தது. தேதி, போன வாரம் அவள் காய்ச்சலில் விடுப்பு எடுத்த நாள்.

கதவு திறந்தது. கர்னல். கையில் அறிக்கை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

"என்னம்மா செண்பகவல்லி, சரிபார்த்தாச்சா? தம்பி சௌக்கியமா?"

தம்பியைப் பற்றி இந்த அலுவலகத்தில் அவள் யாரிடமும் பேசியதில்லை.

"இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும் சார்."

அவர் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் முதலில் 77-க்கான விதியை அழித்தாள்.

அடுத்த வரியில் விரல் நின்றது.

கொஞ்ச நேரம்தான்.

அதையும் அழித்தாள். ஓடவிட்டாள். முடிய நாற்பது நிமிடம் ஆகும்.

வராந்தாவுக்கு வந்து போன் செய்தாள்.

"என்னக்கா, டூட்டி நேரத்துல?"

"சும்மாதான்டா. சாப்ட்டியா?"

மெஸ் சாம்பாரைத் திட்டத் தொடங்கினான். அதிலிருந்து குளிருக்குப் போனான். புதிதாக வந்திருக்கும் சுபேதாருக்குப் போனான்.

எப்போதும் பாதியில் "சரிடா, வேலை இருக்கு" என்பவள், அன்று குறுக்கே பேசவேயில்லை.