பதினொன்று பத்து டிக்

"நான் அந்த வீட்டுப் பக்கமே போகலைங்கறேன், மேடம்!"

"அப்போ உன் பேர்ல டிக் போட்டது யாரு, உன் ஆவியா? பொய்ப் பதிவுன்னா வேலையே போயிடும், தெரியுமில்ல?"

முதியோர் நல அலுவலகத்தில் மேலாளரம்மா கத்தினால் தெருமுனை வரை கேட்கும். அங்கே ஒவ்வொரு முதியவரின் கேசுக்கும் கணினியில் ஒரு பணிப்பட்டியல் உண்டு. வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்பது அதில் கட்டாயமில்லாத பணி. ஆள் போதாதென்று அந்த அம்மாவே போன மாதம் அதை எல்லாக் கேசிலும் முடக்கிவிட்டார். ஆனால் தனியாக வாழும் ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக் ஒருவரின் கேசில் மட்டும் அது தினமும் பதினொன்று பத்துக்குத் தானாகத் திறந்து, சுருட்டை முடியால் ‘சுருட்டை’ என்றே ஆபீஸில் பேரெடுத்த ஊழியப் பெண்ணின் பேரில் முடிந்ததாகப் பதிவானது. அந்நேரம் சுருட்டை நாற்காலியை விட்டு அசையவில்லை என்பதற்கு ஆபீஸே சாட்சி.

மறுநாள் பதினொன்றேகாலுக்கு அவளே போய்க் கதவைத் தட்டினாள்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டியா? இப்பத்தானே போனே," என்றார் மெக்கானிக்.

மேசையில் இரண்டு டம்ளர்கள். ஒன்றில் கடைசி வாய் டீ மிச்சமிருந்தது. அப்படி மிச்சம் வைத்தே தன் அம்மாவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவள் அவள். தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

அடுத்த மாதமே, வந்த முதல் வரனுக்குத் தலையாட்டி, கட்டியவனோடு கடல் தாண்டிப் போய்விட்டாள். கணினியிலிருந்து அவள் பேரையும் நீக்கியாயிற்று. மேலாளரம்மாவும் ஏனோ மாற்றல் வாங்கிக்கொண்டார், நமக்கெதற்கு வம்பு? டிக் மட்டும் நிற்கவில்லை. மெக்கானிக் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்:

"கல்யாணமாகியும் ஒரு நாள் தவறாம வர்றா. இப்போ முழுகாம இருக்கா. வீட்டுக்காரர்கிட்டக்கூட இன்னும் சொல்லலையாம்."